1 டன்னை எடுத்துட்டு 1.5 டன் ஏசி போடலாமா?

முத்தியால்பேட்டையில, மணிக்கூண்டு பக்கம் மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்கீங்கன்னு வைப்போம். பெட்ரூம் பத்துக்குப் பன்னிரண்டு. ராத்திரி 11 மணி ஆகியும் 1 டன் ஏசிக்கு ரூம் அடங்கல. "1.5 டன் போடுங்க சார், நோ காஸ்ட் ஈஎம்ஐ இருக்கு"ங்கிறார் கடைக்காரர். கார்டை நீட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.

டன்ங்கிறது ஏசியோட எடை இல்ல. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்துல உருக எவ்வளவு வெப்பம் இழுக்குமோ, அந்த அளவு. கிலோவாட்ல சொன்னா சுமார் 3.5. 120 சதுர அடி ரூமுக்கு இது பொதுவா போதும். போதலைன்னா மெஷின் இளைச்சிருக்கணும், இல்லைன்னா ரூமுக்குள்ள வெப்பம் அதிகமா இறங்கணும்.

எதுன்னு கண்டுபிடிக்க ஒரு சின்ன தெர்மாமீட்டர் போதும். ஏசியை 15 நிமிஷம் ஓடவிட்டு, மேல காத்து உள்ள போற இடத்துலயும் கீழ குளிர்காத்து வர்ற இடத்துலயும் வெச்சுப் பாருங்க. வித்தியாசம் 8ல இருந்து 12 டிகிரி இருந்தா ஏசி நல்லாத்தான் இருக்கு. 5 டிகிரிதான்னா சர்வீஸ் பண்ணணும். கடல் பக்கத்துலயே இருக்கு, உப்புக்காத்துல வெளி யூனிட் காயில் அரிச்சு கேஸ் லீக் ஆகறது இங்க சகஜம்.

ஏசி நல்லா இருந்தும் ரூம் அடங்கலைன்னா மேல பாருங்க, மொட்டை மாடி. பகல் முழுக்கக் காய்ஞ்ச கான்கிரீட் நடுராத்திரி வரைக்கும் சூட்டைக் கீழ தள்ளும். பெரிய ஏசி அந்தச் சூட்டையும் சேர்த்து வெளிய இறைக்கும், கரண்ட் பில் உங்களுக்கு. தளத்துக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்க ஹவுஸ் ஓனர்கிட்ட பேசுங்க. பாதிச் செலவை நீங்க ஏத்துக்கிட்டாலும் புது ஏசியைவிடக் குறைவாத்தான் வரும்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல வெயிலைவிடப் புழுக்கம்தான் பிரச்சினை. இன்வெர்ட்டர் இல்லாத பெரிய ஏசி சின்ன ரூமைச் சட்டுனு குளிரவெச்சுட்டு கம்ப்ரஸரை நிறுத்திடும். ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது. ஜில்லுனு இருக்கும், ஆனா உடம்பு பிசுபிசுன்னு இருக்கும்.

ரூம் 150 சதுர அடிக்கு மேலன்னா 1.5 டன் நியாயம்தான், இன்வெர்ட்டரா வாங்குங்க. ஸ்டார் லேபிள்ல இருக்கிற யூனிட் கணக்கு வருஷத்துக்கு 1,600 மணி நேரத்துக்குப் போட்டது. நீங்க தினம் 8 மணி நேரம், 8 மாசம் ஓட்டினா 1,920 மணி நேரம். அதனால லேபிள் 800 யூனிட்னு சொன்னா நீங்க 960ன்னு எடுத்துக்கங்க. அதை உங்க பில்லோட கடைசி ஸ்லாப் ரேட்டால பெருக்குங்க.

38,000 ரூபாய் ஏசிக்கு 12 மாச நோ காஸ்ட் ஈஎம்ஐ போட்டா, 15% வட்டின்னா உள்ள சுமார் 2,900 ரூபாய் வட்டி இருக்கும். அந்த வட்டியைத் தள்ளுபடியாக் கழிச்சுடுவாங்க, ஆனா அதுமேல வர்ற 18% ஜிஎஸ்டி, 520 ரூபாய்க்கு மேல, உங்க தலையில. ப்ராசசிங் ஃபீ தனி. மொத்தமாக் கட்டினா எவ்வளவு குறைப்பீங்கன்னும் கேளுங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு, பில்லுல அதையும் சரிபாருங்க.

பழைய வயரிங்கா இருந்தா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்க. 1.5 டன்னுக்கு 4 ஸ்கொயர் தனி லைன் இழுக்கச் சொல்வார். அந்தச் செலவு யாரோடதுன்னு ஓனர்கிட்ட முன்னாடியே பேசி, வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கங்க.