தாத்தாவின் ஸ்கூட்டர் இன்ஜின்

புனே நகரை அடுத்த ஆகுர்டியில் உருவான சேத்தக் ஸ்கூட்டர் 1972ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. மகாராணா பிரதாப்பின் புகழ்பெற்ற குதிரையின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து அதனைப் பெற்றவர்கள் உண்டு. கணவன், மனைவி, முன்னால் நின்றுகொண்டு ஒரு குழந்தை, மடியில் இன்னொரு குழந்தை எனக் குடும்பம் முழுவதையும் அது சுமந்தது. பெட்ரோலில் ஓடிய சேத்தக்கின் உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆயிற்று. மின்கலத்தில் ஓடும் புதிய சேத்தக் 2020இல் கடைக்கு வந்துவிட்டது. ஆயினும் பழைய சேத்தக்குகளைப் புனேயில் இன்றும் காணலாம்.

கட்கியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுப் பின்புறத்திலும் அத்தகைய ஸ்கூட்டர் ஒன்று தார்ப்பாயின்கீழ் நின்றது. அது தாத்தாவுடையது. அவர் வேலூரிலிருந்து இளமையில் வந்து, தொழிற்சாலையில் பொருத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வண்டி ஒருநாள் சாலையில் திடீரென நின்றது. கிக்கரை மிதித்தால் அது அசையவில்லை. இன்ஜின் உள்ளே இறுகிப்போயிருந்தது. பட்டறைக்காரர்கள் இதனைச் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பர்.

தனியார் வண்டியின் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். அதற்கு வண்டியை ஓட்டிக்காட்ட வேண்டும். தாத்தாவின் வண்டிக்கு அந்தக் காலக்கெடு ஜூன் மாதத்தில் முடிய இருந்தது. அதற்குள் ஓடவில்லை எனில் எடைக்குப் போட்டுவிடுவதென வீட்டில் முடிவாயிற்று. பழைய இரும்பு வாங்குபவர் இருமுறை வந்து விலை கேட்டும் சென்றார். தாத்தா மறுத்து ஒன்றும் கூறவில்லை. இன்ஜினை அவரே பிரித்திருப்பார்; ஆனால் சில ஆண்டுகளாக அவருக்குக் கைநடுக்கம். திருப்புளியைத் திருகாணியின் தலையில் நிறுத்த அவரால் இயலாது.

எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம், “நீங்கள் சொல்லுங்கள் தாத்தா, நான் கழற்றுகிறேன்” என்றாள்.

சேத்தக்கின் இன்ஜின் சிறியது. அதன் சிலிண்டரின் உள்விட்டம் 57 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவும் 57 மில்லிமீட்டரே. இவ்விரண்டையும் கொண்டு கணக்கிட்டால் 145.45 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கிடைக்கும். அது இருவீச்சு இன்ஜின். பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் கீழிறங்குவதற்குள் அதன் வேலை முழுவதும் முடிந்துவிடும். பிஸ்டன் மேலே செல்லும்போது, கீழுள்ள கிராங்க் பெட்டி காற்றையும் பெட்ரோலையும் கார்புரேட்டர் வழியாக உறிஞ்சுகிறது. கீழே வரும்போது அக்கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆகவே அப்பெட்டியில் எங்கும் காற்றுக் கசிவு இருத்தல் கூடாது. உராயும் பகுதிகளுக்கு வேண்டிய எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே உள்ளே வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய் என்பது கணக்கு.

இன்ஜினைப் பிரித்தபோது சிலிண்டர் சுவரில் அலுமினியம் உருகி ஒட்டியிருந்தது. பிஸ்டனின் ஒரு பக்கம் மரப்பட்டை போல் கீறியிருந்தது. கிராங்க் தண்டின் பேரிங்குகள் கரகரவென ஒலித்தன. தாத்தா இவற்றை நெடுநேரம் பார்க்கவில்லை. தண்டின் ஒரு முனையில், காந்தச் சக்கரத்தின் பின்னே இருந்த கருநிற ரப்பர் வளையத்தைக் கழற்றித் தரச் சொன்னார்.

“இதன் விளிம்பை மடக்கிப் பார், அம்மா.”

அவள் மடக்கினாள். அது வளையாமல் வெடித்தது.

அதன் பெயர் ஆயில் சீல். வண்டியின் உதிரிகளிலேயே விலை குறைந்தவற்றுள் அது ஒன்று. ஆண்டுகள் பல கடந்ததால் அது காய்ந்து, வெளிக்காற்றை உள்ளே விட்டிருந்தது. காற்று மிகுந்ததால் பெட்ரோலின் பங்கு குறைந்தது. கலவை அளவுக்கு மீறிய வெப்பத்துடன் எரிந்தது. பெட்ரோல் குறைந்தபோது அதனோடு வரும் எண்ணெயும் குறைந்தது. இரும்புச் சிலிண்டரைவிட அலுமினியப் பிஸ்டன் வெப்பத்தில் மிகுதியாக விரியும். விரிந்த பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொண்டது. தண்டின் மறுமுனையிலும் ஓர் ஆயில் சீல் உண்டு. அது கெட்டிருந்தால் கியர் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு, வண்டி புகையைக் கக்கியிருக்கும். முதல் சீலின் கேட்டிற்கு அத்தகைய அறிகுறி எதுவும் வெளியே தெரியாது. அதுவே அதனை மிகவும் இடர் நிறைந்ததாக்குகிறது. விரைந்து செல்லும் வண்டியின் இன்ஜின் இறுகினால் பின்சக்கரம் நின்றுவிடும். ஓட்டுபவர் கீழே விழுவார். தாத்தா அன்று மெதுவாகச் சென்றதால் தப்பினார்.

உதிரிகளைத் தேடித் தந்தை ஜுனா பஜாருக்குச் சென்றார். ‘ஜுனா’ என்னும் மராத்திச் சொல்லுக்குப் ‘பழைய’ என்பது பொருள். புதன், ஞாயிறு ஆகிய நாள்களில் கூடும் சந்தை அது. பித்தளைச் செம்பு முதல் லாரிச் சக்கரம் வரை தரையில் பரப்பியிருப்பர். அங்கே முழு இன்ஜினே கிடைக்கும். ஆனால் அதனை வாங்கலாகாது. இன்ஜின் பெட்டியில் பொறித்துள்ள எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஆகவே தம் பெட்டியை வைத்துக்கொண்டு, உள்ளே பொருத்துவனவற்றை மட்டும் தேடினார். கிராங்க் தண்டு ஒன்றை ஒரு கடையிலும், சிலிண்டரை அடுத்த கடையிலும், பிஸ்டனை வேறொரு கடையிலும் வாங்கினார்.

“அப்பா, மூன்றும் சேர்ந்து புதிய பிஸ்டன் விலைகூட ஆகவில்லை” என்றார் வீட்டிற்கு வந்ததும்.

“அளந்து பார்த்தாயா?” என்றார் தாத்தா.

பிஸ்டனின் தலையில் கரி அடையாகப் படிந்திருந்தது. பேத்தி அதனை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தாள். கரி நீங்கியதும் 0.50 என்ற எண் தெரிந்தது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து விரிவாக்குவது வழக்கம். ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர் விரிவாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். அந்த எண் பிஸ்டன் எத்தனையாம் படிக்கு உரியது என்பதைக் காட்டும். சிலிண்டரை அளந்தபோது உள்விட்டம் 57.75 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருந்தது. அதாவது பிஸ்டன் இரண்டாம் படிக்கு உரியது. சிலிண்டர் மூன்றாம் படிக்கு உரியது. இரண்டையும் கையால் பொருத்திப் பார்த்தால் இனிமையாக வழுக்கிச் சென்றன. கண்ணுக்கும் கைக்கும் அது நல்ல பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் ஓடும்போது அந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் பிஸ்டன் ஆடி ஆடிச் சுவரில் மோதும்.

தந்தையின் முகம் வாடியது. “வீண் செலவு செய்துவிட்டேன்” என்றார்.

“சிலிண்டர் நல்ல இரும்பு, வீணாகாது. பிஸ்டனைத்தான் மேசைமேல் காகிதம் பறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்” என்றார் தாத்தா.

கிராங்க் தண்டையும் அவர் சோதிக்கச் செய்தார். பேத்தி அதனோடு இணைந்த கைத்தண்டைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்தாள்; சிறிதும் ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் மிகச் சிறிதே அசைந்தது. அவ்வசைவு இருக்கலாம். மேலும் கீழும் ஆடியிருந்தால் தண்டும் குப்பைக்கே சென்றிருக்கும். பழைய பொருள்களுள் எதனை நம்பலாம் என்பதில் தாத்தா கண்டிப்பானவர். பெட்டி, தண்டு, காந்தச் சக்கரம், கார்புரேட்டர் ஆகியவை அளவில் சரியாக இருந்தால் பழையனவே போதும். ரப்பர் சீல், பேரிங், கேஸ்கெட், பிஸ்டன் வளையங்கள், பிஸ்டன் ஊசியைப் பூட்டும் சிறு கம்பிகள் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவது அவர் கணக்கில் சிக்கனமன்று.

கடைசல் பட்டறையில் சிலிண்டரை 58 மில்லிமீட்டராகக் கடைந்தனர். அதற்குரிய புதிய பிஸ்டன் கடையில் கிடைத்தது. இப்போது இன்ஜினின் கொள்ளளவு 150.6 கன சென்டிமீட்டர் ஆயிற்று. இதனைப் பேத்தியே கணக்கிட்டாள்.

பேரிங்கைப் பெட்டிக்குள் இறக்குவது அடுத்த வேலை. சுத்தியலால் அடித்தால் பேரிங் கெடும். பெட்டி அலுமினியம், அதனைச் சூடாக்கினால் துளை விரியும். எஃகுப் பேரிங்கைக் குளிரவைத்தால் அது சுருங்கும். எனவே முதல் நாள் இரவே பேரிங்குகள் நெகிழிப் பைக்குள் சுற்றப்பட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் இடம் பிடித்தன. பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. பெட்டியைப் பெட்ரோல் வாடையே இல்லாதவாறு சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, மின்அடுப்பில் தோசைக்கல்லின்மேல் வைத்துச் சூடாக்கியது அதனினும் பிடிக்கவில்லை. நல்ல தோசைக்கல்லை எடுக்கக் கூடாது என்று கூறி, ஓட்டை விழுந்த பழைய கல்லை அவரே தேடித் தந்தார். குளிர்ந்த பேரிங் சூடான துளைக்குள் தானாகவே ‘டக்’ என்று இறங்கியது.

பிஸ்டனின் தலையிலுள்ள அம்புக்குறி புகை வெளியேறும் பக்கத்தை நோக்க வேண்டும். வளையங்களின் இரு முனைகளும் பள்ளத்திலுள்ள சிறு முளைக்கு இருபுறமும் அமைய வேண்டும். முளை இல்லையெனில் வளையம் சுழன்று, அதன் முனை சிலிண்டரின் வாயில்களில் சிக்கி ஒடியும். புதிய ஆயில் சீலின் விளிம்பில் எண்ணெய் தடவிப் பேத்தி அதனை இரு கட்டைவிரல்களாலும் சமமாக அழுத்தினாள். அது நேராக அமர்ந்ததா என்று தாத்தா விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். நடுங்கும் விரலும் அதனை அறிந்தது.

மே மாத இறுதியில் ஒரு காலை. தந்தை எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றினார். வண்டியை ஒருபுறம் சாய்த்துப் பிடித்தார். எரிபொருள் கார்புரேட்டருக்குள் எளிதாக இறங்கட்டும் என்று அக்காலத்தில் சேத்தக் வைத்திருந்தவர் எல்லாரும் செய்தது அது. பிறகு நிமிர்த்திக் கிக்கரை மிதித்தார். ஆறு முறை ஒன்றும் நிகழவில்லை. ஏழாம் முறை ஒருமுறை இருமி நின்றது. ஒன்பதாம் முறை இன்ஜின் ஓடத் தொடங்கியது. பூசிய எண்ணெய் எரிந்து நீலப்புகை எழுந்தது. சற்று நேரத்தில் குறைந்தது.

அடுத்த சில நாள்கள் தந்தை வண்டியை மெதுவாக ஓட்டினார். வார இறுதியில் பேத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தாத்தாவிடம் காட்டினாள். அதன் முனை வெளுத்திருந்தால் காற்று மிகுதி. கருத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் மிகுதி. அது காப்பித்தூள் நிறத்தில் இருந்தது.

தாத்தா அதனை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “500 கிலோமீட்டர் முடியும்வரை நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று உன் அப்பாவிடம் சொல்” என்றார்.

சொற்பொருள்

பொருத்துநர் – இயந்திரப் பகுதிகளைப் பொருத்தும் தொழிலாளர்
உதிரி – தனித்தனியாகக் கிடைக்கும் பாகம்
கடைசல் – இயந்திரத்தில் சுழற்றிச் செதுக்கும் வேலை
முளை – சிறிய ஆணி போன்ற பகுதி

பயிற்சி

1. தாத்தா மற்ற பாகங்களை விடுத்து ரப்பர் வளையத்தை முதலில் கேட்டது ஏன்?
2. முழு இன்ஜினை வாங்காமல் தந்தை உதிரிகளைத் தேடியதன் காரணம் யாது?
3. “சிக்கனமன்று” என்பதைப் பிரித்து எழுதுக.
4. உங்கள் வீட்டில் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் ஒரு பொருளைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. அதன் பாகங்களுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களையே பயன்படுத்துக.