எம்டனுக்குப் பித்தளை வாங்கலாமா?

கேள்வி: ரெவல் நிறுவனத்தின் 1/350 அளவு ‘எம்டன்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் பிளாஸ்டிக் கிட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கைப்பிடிக் கம்பி, பீரங்கிக் குழல், மரத்தளம் என்று தனியாக விற்கும் பாகங்களைக் கூட்டிப் பார்த்தால் கிட்டின் விலையையே தாண்டுகிறது. இவ்வளவு செலவு தகுமா ஐயா?
– ஒரு வாசகர், கரந்தை, தஞ்சாவூர்

பதில்: எல்லாவற்றுக்கும் தகாது. தளத்தைச் சுற்றி ஓடும் கைப்பிடிக் கம்பிகளை மட்டும் வாங்குங்கள்.

ஒரு மீட்டர் உயரக் கம்பி வேலி உங்கள் அளவில் 3 மி.மீ.கூட வராது. பிளாஸ்டிக்கில் அரை மி.மீ. தடிமனுக்கு வார்த்தாலும் நிஜக் கப்பலில் அது 17 செ.மீ. உருளைக்குச் சமம். ரசாயனத்தில் அரித்தெடுத்த பித்தளைத் தகடு 0.1 மி.மீ. வரை மெலியும். அந்த மெல்லிசை வீட்டில் சீராக எடுப்பது கடினம் என்பதால் அதற்குக் காசு கொடுப்பது நியாயம். கப்பலின் பின்புற வளைவில் தகடு முரண்டு பிடிக்கும். ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி ஆறவிட்டால் குழைந்து கொடுக்கும்; பக்கம் பத்தர் பட்டறை இருந்தால் ஒருமுறை நின்று பாருங்கள்.

பீரங்கிக் குழல்களை வாங்க வேண்டாம். எம்டனில் இருந்தவை பத்து 10.5 செ.மீ. பீரங்கிகள். குழல் நீளம் உங்களுக்கு 12 மி.மீ., துளை 0.3 மி.மீ. மருந்துக்கடையில் கிடைக்கும் 26-ஆம் எண் ஊசி ஏறக்குறைய இதே கணக்குதான். கட்டரால் நறுக்கினால் வாய் நசுங்கும். அரத்தால் சுற்றிக் கீறி ஒடியுங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு. கடைந்த பித்தளைக் குழல்போல் நுனி கூம்பாது. கேடயத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கையில் அது தெரியவும் தெரியாது. மெல்லிய குழாய்களுக்கு, ஃபேன் காயில் கட்டும் கடையில் கழித்துப் போடும் செம்புக் கம்பி போதும். பம்புசெட் ஓடும் நம் பக்கத்தில் அப்படிக் கடையில்லாத ஊர் ஏது?

மரத்தள ஸ்டிக்கர் எனக்குப் பிடிக்காது. மரத்தின் இழை 350 மடங்கு சுருங்குவதில்லை. வண்ணமே மேல்.

விலைக்கு வரியும் ஒரு காரணம். பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆனது. அளவு மாதிரிகளும் அதே தலைப்பில்தான் வருகின்றன.

இனி, காசே இல்லாத ஒரு பாகம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த இந்தக் கப்பலுக்குப் புகைபோக்கி மூன்றுதான். ஆங்கிலேயக் கப்பல்போல் தோன்ற, கித்தானும் மரச்சட்டமும் கொண்டு நான்காவதை மாலுமிகளே கட்டினார்கள். அக்டோபர் 28 அன்று பினாங்குக்குள் நுழைந்தது அந்த வேடத்தில்தான். காகிதத்தை உருட்டி அதைச் செய்து வையுங்கள். எந்தக் கடையின் பித்தளையும் உங்கள் கப்பலுக்கு இவ்வளவு உயிர் கொடுக்காது.

மிச்சப் பணத்தில் கண்ணாடிப் பெட்டி. அறுவடைக் காலத் தூசி கம்பிகளில் ஏறினால் துடைக்கும்போதே ஒடியும். தஞ்சையில் நெட்டியில் பெரிய கோயில் செய்பவர்கள் கண்ணாடிக்குள்தான் வைத்து விற்கிறார்கள். பெட்டி எங்கே செய்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். கப்பல் 34 செ.மீ. வரும், உள்நீளம் 40 இருக்கட்டும். உயரத்தைப் பாய்மரக் கம்பம் நிறுத்திய பிறகு அளந்து சொல்லுங்கள்.