போர்ட்டலில் படம் உடைகிறதா? முதலில் வீட்டு வைஃபையைப் பாருங்கள்

ஹாலில் டி.வி.யை வேறு யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது, படுக்கையறையில் உட்கார்ந்து பிளேஸ்டேஷன் 5 ஆட வேண்டும் என்று விரும்புபவர்களுக்காக வந்த கைக்கருவி பிளேஸ்டேஷன் போர்ட்டல். 2023 நவம்பரில் வெளிநாடுகளிலும், 2024 செப்டம்பரில் 18,990 ரூபாய் அறிமுக விலையில் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. நடுவில் 8 அங்குலத் திரை, இரு பக்கமும் கன்சோலுடன் வரும் கன்ட்ரோலரின் கைப்பிடிகள். வாங்கியவர்களில் பலர் சில நாட்களிலேயே ஒரே மாதிரியான குறையைச் சொல்கிறார்கள். படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பொத்தானை அழுத்தினால் திரையில் ஆள் நகரத் தாமதமாகிறது. நல்ல கட்டத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது. கருவி பழுது என்று முடிவுகட்டிக் கடைக்கு எடுத்துப் போகிறார்கள். அவசரம் வேண்டாம். இத்தகைய குறைகளில் பெரும்பாலானவை கருவியில் இருப்பதில்லை. வீட்டுக்குள் வைஃபை பயணம் செய்யும் வழியில் இருக்கின்றன.

போர்ட்டலுக்குள் எந்த விளையாட்டும் ஓடுவதில்லை என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு முழுவதும் கன்சோலில்தான் ஓடுகிறது. கன்சோல் ஒவ்வொரு படத்தையும் வரைந்து, சுருக்கி (என்கோடிங்), ரவுட்டர் வழியாக உங்கள் கைக்கு அனுப்புகிறது. போர்ட்டல் அதை விரித்துத் திரையில் காட்டுகிறது. நீங்கள் அழுத்தும் பொத்தான் அதே வழியில் திரும்பிப் போகிறது. நொடிக்கு 60 படங்கள் என்றால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 17 மில்லி விநாடி கூட இல்லை. வழியில் ஒரு தகவல் துண்டு (பாக்கெட்) தொலைந்தால் அதை மறுபடி கேட்டு வாங்க அவகாசம் இல்லாததால், படம் உடைகிறது.

"யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறதே, அப்புறம் எப்படி வைஃபை சரியில்லை என்கிறீர்கள்?" என்ற கேள்வி தவறாமல் வரும். யூடியூப் அடுத்த பல நொடிகளுக்கான படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது (பஃபர்). நடுவில் வைஃபை இரண்டு நொடி தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. விளையாட்டில் அப்படிச் சேமித்து வைக்க வழியில்லை. அடுத்த படம் எப்படி இருக்கும் என்பதை உங்கள் விரல்தான் தீர்மானிக்கிறது. ஆகவே வீடியோ நன்றாக ஓடுவது இங்கே சான்றாகாது.

இணைய வேகம் குறித்தும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ரிமோட் பிளேவுக்கு (கன்சோலைத் தொலைவிலிருந்து ஆடும் முறை) குறைந்தது 5 மெகாபிட், நல்ல அனுபவத்துக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது சோனி. இன்றைய எளிய ஃபைபர் இணைப்பே இதைத் தாண்டிவிடும். மேலும், கன்சோலும் போர்ட்டலும் ஒரே வீட்டில் இருக்கும்போது, படம் கன்சோலிலிருந்து ரவுட்டருக்கும் ரவுட்டரிலிருந்து உங்கள் கைக்கும்தான் போகிறது. வீட்டைவிட்டு வெளியே போய் வருவதில்லை. கணக்கில் நுழையவும் இணைப்பை ஏற்படுத்தவும் இணையம் தேவை, அவ்வளவுதான். மாதக் கட்டணத்தை உயர்த்தி 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறினாலும் படுக்கையறையில் படம் உடைவது நிற்காது. அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். கீழே சொல்லும் வேலைகளுக்கு அதில் சிறு பகுதியே போதும்.

குறையின் தன்மையைக் கவனித்தால் காரணத்தைக் கிட்டத்தட்ட ஊகித்துவிடலாம். படம் மங்கி, கட்டங்களாகச் சிதறி, மறுபடி தெளிந்தால் சிக்னல் வலு போதவில்லை அல்லது நெரிசல் அதிகம். படம் தெளிவாக இருந்தும் பொத்தானுக்கும் அசைவுக்கும் இடையே இழுவை தெரிந்தால் அது தாமதம் (லேட்டன்சி). நடுவில் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் சிறு பெட்டி) போன்ற ஒன்று உட்கார்ந்திருக்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது எப்போதாவது ஒரேயடியாகச் சில நொடி உறைந்தால், ரவுட்டர் தன் அலைவரிசைத் தடத்தை (சேனல்) மாற்றுகிறதா என்று பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சில தடங்களை ரேடார்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ரேடார் சிக்னலை உணர்ந்தால் ரவுட்டர் அந்தத் தடத்தை விட்டு விலகியாக வேண்டும் என்பது விதி. 36 முதல் 48 வரையுள்ள தடங்களில் இந்தத் தொல்லை இல்லை.

ஊகித்ததை உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. போர்ட்டலை எடுத்துக்கொண்டு ரவுட்டர் இருக்கும் அறையிலேயே, அதிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பத்து நிமிடம் ஆடுங்கள். அங்கே நன்றாக ஓடினால், சிக்கல் ரவுட்டருக்கும் உங்கள் படுக்கையறைக்கும் இடையில் இருக்கிறது. அங்கேயும் உடைந்தால், சிக்கல் கன்சோலுக்கும் ரவுட்டருக்கும் இடையில் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டாவது பாதையைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. கையில் இருக்கும் கருவிமீதுதான் எல்லாக் கோபமும் போகிறது.

அந்தப் பாதையில்தான் பெரிய தீர்வும் இருக்கிறது. கன்சோலும் வைஃபையில், போர்ட்டலும் வைஃபையில் என்றால், ஒரே படம் இரண்டு முறை காற்றில் போக வேண்டியிருக்கிறது. ஒரு வைஃபை தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்; மற்றவர்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். கன்சோல் அனுப்பி முடித்த பிறகு ரவுட்டர் அதையே மறுபடி அனுப்புகிறது. பொத்தான் தகவலும் இப்படியே இரண்டு தாவல் தாவுகிறது. கன்சோலை ரவுட்டரோடு லேன் கேபிளால் இணைத்துவிட்டால் இதில் பாதி வேலை காற்றைவிட்டு இறங்கிவிடும். 'கேட் 6' என்று அச்சிட்ட சாதாரண கேபிள் போதும். 'கேமிங் கேபிள்' என்று கூடுதல் விலை சொல்வதை வாங்க வேண்டாம். ரவுட்டர் வேறு அறையில் இருந்தால், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரோரம் பி.வி.சி. கேசிங் அடித்துக் கேபிளைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வீட்டில் தொந்தரவு என்று தள்ளிப்போடத் தோன்றும். ஆனால் நான் பரிந்துரைக்கும் எல்லாவற்றிலும் செலவுக்கு ஏற்ற பலன் தருவது இதுதான். முதலில் இதைச் செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

அடுத்தது போர்ட்டல் பக்கத்து வைஃபை. போர்ட்டலில் இருப்பது 'வைஃபை 5' என்ற தலைமுறை. வைஃபை 7 ரவுட்டரை விலை கொடுத்து வாங்கினாலும் போர்ட்டல் தன் பழைய மொழியில்தான் அதனுடன் பேசும். ஆனால் அது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் இயங்கும். எதில் இணைந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசைக்குள்தான் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இணைய நிறுவனம் தரும் பல ரவுட்டர்களில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, போர்ட்டலை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இணையுங்கள், 2.4 பெயரை அதன் நினைவிலிருந்து நீக்கிவிடுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பலவீனம் உண்டு: சுவரைக் கடக்க அதற்கு வலுக் குறைவு. நம் ஊர் வீடுகளில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும், கம்பி கட்டிய கான்கிரீட் தளமும்தான் வழக்கம். இரண்டு சுவர் தாண்டினாலே சிக்னல் வெகுவாக இளைத்துவிடும். மாடிக்குப் போவதற்குள் இன்னும் மோசம். இதோடு நாமும் சேர்ந்து கெடுக்கிறோம். ஃபைபர் ஆட்கள் வாசல் பக்கம் வந்த கேபிளை எங்கே முடித்தார்களோ அங்கேயே, டி.வி. ஷோகேஸுக்குள் அல்லது இரும்பு பீரோவுக்குப் பின்னால், ரவுட்டர் பல ஆண்டுகளாக இருக்கும். உலோகம் சிக்னலைத் தடுத்துத் திருப்பிவிடும். ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். இதற்குக் கேபிளை நீட்டுவது தவிர வேறு செலவில்லை.

மாற்றியும் போதவில்லையா? ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார்கள். அலைபேசியில் செய்தி படிக்க அது சரி. விளையாட்டுக்கு வேண்டாம், எளிய ரிப்பீட்டர் வாங்கிய தடத்திலேயே திரும்ப அனுப்புவதால் வேகம் பாதியாகி, தாமதம் கூடும். படுக்கையறை வரை லேன் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை முனையை (ஆக்சஸ் பாயின்ட்) வைப்பதே உறுதியான வழி. மெஷ் பெட்டிகள் (ஒன்றோடொன்று பேசும் பல முனைகள்) வாங்கினாலும் அவற்றைக் கேபிளால் இணைத்தால்தான் முழுப் பலன்.

'கன்சோலே எழுந்திருக்கவில்லை' என்பது வேறு வகைக் குறை. கன்சோலின் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ரிமோட் பிளேயை இயக்குங்கள். மின்சேமிப்புப் பிரிவில், ரெஸ்ட் மோடில் (ஓய்வு நிலை) இணையத்துடன் இணைந்திருக்கவும், நெட்வொர்க் வழியாக இயக்கவும் அனுமதி கொடுங்கள். முழுவதுமாக அணைத்த கன்சோலைப் போர்ட்டலால் எழுப்ப முடியாது. இன்னொன்று: போர்ட்டலில் நீங்கள் கன்சோலை எழுப்பும்போது ஹாலில் டி.வி. தானாக விளையாட்டுக்கு மாறி, அம்மா பார்த்துக்கொண்டிருந்த சீரியல் பாதியில் நின்றுபோவதுண்டு. எச்.டி.எம்.ஐ. இணைப்பு வழியாக ஒரு கருவி மற்றொன்றை இயக்கும் வசதிதான் காரணம். அதே சிஸ்டம் பகுதியில் எச்.டி.எம்.ஐ. பிரிவில் அதை அணைத்துவிட்டால் வீட்டில் அமைதி நிலவும்.

நம் ஊரில் மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் சேமித்த ஆட்டக் கோப்பு கெட வாய்ப்புண்டு. ரவுட்டருக்குச் சிறிய யு.பி.எஸ். வைப்பது மட்டும் போதாது. கன்சோலும் நின்றுவிடாமல் இருக்க வேண்டும். கனமான விளையாட்டில் அது 200 வாட் அளவுக்கு இழுக்கும். இன்வெர்ட்டரில் இணைப்பதானால் சைன் வேவ் வகையா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். ஆள் பக்கத்தில் இல்லாமல் ஓடும் கன்சோல் என்பதால் காற்றோட்டமும் முக்கியம். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் அதை வைக்காதீர்கள்.

சில 'உடனடி வைத்திய'ங்களைத் தவிர்க்க வேண்டும். ரவுட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாளைச் சுற்றுவது ஒரு பக்கம் சிக்னலைக் கூட்டி மறுபக்கம் அடியோடு குறைக்கும். 'பூஸ்டர்' செயலிகளும் கேமிங் வி.பி.என். சேவைகளும் வீட்டுக்குள் நடக்கும் பயணத்தைத் தொடுவதே இல்லை. டி.என்.எஸ். எண்ணை மாற்றுவதும் அப்படியே. அது முகவரி தேடும் வேலைக்கு மட்டும்தான். இவற்றால் பணமும் நேரமும்தான் வீண். ஆனால் ரவுட்டரில் 'டி.எம்.இசட்.' என்பதை இயக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அதில் சேர்க்கும் கன்சோலை இணையத்தின் முன் காப்பின்றி நிறுத்துவதாகும் அது. வீட்டுக்குள் ஆடுவதற்கு அது தேவையே இல்லை.

எல்லாம் சரியாக இருந்தாலும் சிறு தாமதம் மிஞ்சும். காட் ஆஃப் வார், பெர்சோனா போன்ற தனி ஆட்டங்களில் அது உறுத்தாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் போன்ற சண்டை ஆட்டங்களையும் ஆன்லைன் துப்பாக்கிப் போட்டிகளையும் டி.வி. முன்னால் வைத்துக்கொள்வதே நல்லது. போர்ட்டலில் புளூடூத் கிடையாது. உங்களிடம் உள்ள புளூடூத் இயர்போன் இணையாது. 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறது, வயர் வைத்த சாதாரண ஹெட்போன் போதும். கருவி அரை கிலோவுக்குச் சற்று மேல் எடை. மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆடினால் மணிக்கட்டும் தோளும் வலிக்கும். முழங்கைகளுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்து ஆடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் உள்ள பொருளைப் பாருங்கள். பிள்ளைகள் கையில் இது படுக்கைக்குள் போய்விடும் கருவி. இரவில் ஹாலில் சார்ஜ் போடுவது என்று வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு: கன்சோல் இல்லாமலே போர்ட்டலில் ஆடலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த கிளவுட் வசதிக்கு பிளேஸ்டேஷன் பிளஸ் பிரீமியம் சந்தா வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் உயர் சந்தா டீலக்ஸ். அதில் கிளவுட் வசதி இல்லை. ஆகவே இங்கே பிளேஸ்டேஷன் 5 இல்லாமல் போர்ட்டல் வாங்குவதில் பயனில்லை. கன்சோல் இருந்தால், 'பிஎஸ் ரிமோட் பிளே' என்ற இலவசச் செயலியை உங்கள் அலைபேசியில் இறக்கி, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்து, நீங்கள் வழக்கமாக உட்காரப்போகும் அதே கட்டிலில் அமர்ந்து இரவு எட்டு, ஒன்பது மணிக்கு, அதாவது அக்கம்பக்கத்தில் எல்லோரும் வைஃபையில் இருக்கும் நேரத்தில், ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். அங்கே படம் உடைந்தால் போர்ட்டலிலும் உடையும். அப்படியானால் முதலில் கேபிளுக்குச் செலவிடுங்கள். கருவியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.