சீனத்து 'மூ' எத்தனை சென்ட்?

பூண்டு விளைச்சலில் உலகில் முதலிடம் சீனாவுக்கே. அங்கு மகசூல் எப்படி என்பதைப் பொறுத்து வெளிநாட்டுச் சந்தையில் விலை ஏறி இறங்குகிறது. ஆனால் அந்நாட்டுச் செய்திகளில் நிலப்பரப்பு 'மூ' கணக்கிலும், எடை 'ஜின்' கணக்கிலும் வருகின்றன. இவற்றை நம் கணக்குக்கு மாற்றத் தெரிந்திருப்பது வணிகர்களாகிய நமக்கு அவசியம்.

ஒரு மூ என்பது 666.67 சதுர மீட்டர். 15 மூ ஒரு ஹெக்டேர். நம் அளவில் சுமார் 16½ சென்ட். மனைக் கணக்கில் ஏறத்தாழ 3 கிரவுண்ட். ஒரு ஏக்கருக்கு 6 மூவும் சொச்சமும் வரும். ஜின் என்பது அரைக் கிலோ. மூவுக்கு 2,000 ஜின் மகசூல் என்று வைத்துக்கொள்வோம். அது 1,000 கிலோ. ஏக்கருக்கு சுமார் 6 டன். ஜின்னைக் கிலோ என்று நினைத்துவிட்டாலோ விளைச்சல் இரு மடங்காகத் தெரியும். விலை விழுந்துவிடும் என்று பயந்து, ஏற்றுமதிக்கு வைத்திருக்கும் சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட நேரும்.

மூவில் பத்தில் ஒரு பங்கு 'ஃபென்'. இங்கேதான் அதிகக் கவனம் தேவை. தைவானில் நிலத்தை 'ஜியா' என்ற அளவில் சொல்வார்கள். அது சுமார் 9,699 சதுர மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்குக்கும் ஃபென் என்றே பெயர்! சீனத்து ஃபென் 67 சதுர மீட்டர். தைவான் ஃபென் 970 சதுர மீட்டர். பதினான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஊருக்கு ஊர் படி மாறிய காலத்தில் கடை நடத்திய நம் பெரியவர்களுக்கு இது வியப்பாக இராது.

ஹாங்காங் கிராமப்புறத்தில் வழங்கிய பழைய அளவு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு 'தௌ' விதை விதைக்கக்கூடிய நிலம் என்பது அதன் பொருள். நம் தென்மாவட்டங்களில் மரக்கால் விதைப்பாடு, கோட்டை விதைப்பாடு என்பார்களே, அதே முறைதான். பின்னாளில் அது 7,260 சதுர அடி, அதாவது ஏக்கரில் ஆறில் ஒரு பங்கு என்று கொள்ளப்பட்டது.

மூவும் எப்போதும் ஒரே அளவாக இருந்ததில்லை. மிங், சிங் மன்னர்கள் காலத்தில் பல இடங்களில் வளமற்ற நிலம் இரண்டு மூன்று மூவைச் சேர்த்து, வரிக் கணக்கில் ஒரே மூ என்று எழுதினார்கள். குடியானவருக்கு அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பேரேட்டை வைத்து உண்மையான பரப்பைச் சொல்ல முடியாது. இன்றைய அளவு 1930இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் நிலைபெற்றது.

1992 முதல் அரசுக் கணக்குகளில் ஹெக்டேரே முறையான அளவு. ஆயினும் மூ மறையவில்லை. நாட்டின் விளைநிலம் 180 கோடி மூவுக்குக் கீழே குறையக்கூடாது என்ற சீன அரசின் வரம்பே மூவில்தான் சொல்லப்படுகிறது. 15ஆல் வகுத்தால் 12 கோடி ஹெக்டேர்.