திட்டினால் போதுமா?



இந்த மாதப் பாடத்தின் தலைப்பு தற்சார்பு. புத்தகத்திலிருந்து ஆரம்பிக்காமல் எங்கள் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் வெட்கமான கதைதான். ஆனாலும் சொல்ல வேண்டிய கதை.

எங்கள் வீடு ஷா ஆலமில், தாமான் ஸ்ரீ மூடா பக்கம். கிள்ளான் ஆறு கிட்டத்திலேயே ஓடுகிறது. அப்பா லோரி ஓட்டுநர். காலையில் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கும்போதும் சரி, ராத்திரி செய்தி பார்க்கும்போதும் சரி, அவர் வாயில் ஒரே வசனம்தான் வரும்: "கவர்மெண்ட் நமக்கு ஒண்ணும் செய்யாது. எவனையும் நம்பாதே." நானும் தம்பியும் இதைக் கேட்டே வளர்ந்தோம். உங்களில் பலர் வீட்டிலும் இதே வசனம் ஓடும் என்று நினைக்கிறேன்.

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. சனிக்கிழமையும் விடவில்லை. மாலையில் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். "வழக்கமா வர்றதுதான், வடிஞ்சிடும்" என்றார் அப்பா. இருட்டுவதற்குள் முழங்கால், பிறகு இடுப்பு. நாங்கள் ஐந்து பேரும் மாடிக்கு ஏறினோம். மின்சாரம் போயிற்று. அப்போது அப்பா சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

"பயப்படாதீங்க. இப்ப பொம்பா வந்துரும்."

இருபது வருஷமாக அரசாங்கத்தை நம்பாதே என்று சொன்ன மனிதர், அன்று ராத்திரி முழுக்க அரசாங்கப் படகுக்காக ஜன்னலில் நின்றார். படகு வரவில்லை. அந்த வெள்ளத்தில் மீட்புப் பணி தாமதமானதும், பலர் கூரைமேல் காத்திருந்ததும் நாடே அறிந்த விஷயம். மீட்புப் பணியில் குறைபாடு இருந்ததை அப்போதைய பிரதமரே ஒப்புக்கொண்டார். ஆகவே அப்பாவின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொல்ல வருவது வேறு. இருபது வருஷக் கோபம் எங்கள் வீட்டில் ஒரு டார்ச் லைட்டைக்கூட வாங்கி வைக்கவில்லை.

பாட்டியின் இரண்டு இழப்புகள்

பாட்டிக்கு இனிப்பு நீர். தினமும் இன்சுலின் போட வேண்டும். இன்சுலின் எங்கே இருந்தது? கீழே, ஐஸ்பெட்டியில். மாடிக்கு ஓடும்போது டிவியைத் தூக்கினோம், தம்பியின் கம்ப்யூட்டரைத் தூக்கினோம். இன்சுலின் ஞாபகம் வந்தபோது ஐஸ்பெட்டி தண்ணீரில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. அப்பா இறங்கப் போனார். அம்மா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாட்டி சோர்ந்து படுத்துவிட்டார். கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை. அப்போது வந்தது ஒரு சின்ன மீன்பிடிப் படகு. பின் லோரோங்கில் இருக்கும் மலாய்க்கார அண்ணன் ஒருவருடையது. லீவு நாளில் மீன் பிடிக்க வாங்கி வைத்தது. எட்டு வருஷமாக அவர் பின்னால் குடியிருக்கிறார். எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. "நெனெக் டூலு, நெனெக் டூலு" என்று சொல்லி, பாட்டியை முதலில் இறக்கினார். பாட்டி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்து பிழைத்து வந்தார்.

இரண்டாவது இழப்பு ஒரு பச்சை ஃபைல்.

பாட்டி கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். எழுபது வயதைத் தாண்டியும் கையில் சிவப்பு ஐசிதான். நீல ஐசிக்காக அப்பாவும் நானும் மூன்று வருஷம் அலைந்து காகிதம் சேர்த்தோம். தோட்டத்துக் கிளினிக்கின் பழைய பிறப்புச் சீட்டு, தமிழ்ப்பள்ளியில் படித்ததற்கான கடிதம், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், இரண்டு முதியவர்கள் கையெழுத்திட்ட சாட்சிக் கடிதம் எல்லாம் அந்த ஃபைலில் இருந்தன. சாமி மேடைக்குக் கீழே டிராயரில் பத்திரமாக வைத்திருந்தோம். பத்திரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். தண்ணீர் வடிந்து டிராயரை இழுத்தபோது கையில் வந்தது கூழ். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார். ஒரு பக்கத்தைக்கூட நான் போனில் படம் எடுத்து வைத்திருக்கவில்லை.

2022 நவம்பர் 19 பொதுத் தேர்தல் அன்று, "நானும் வர்றேன்" என்று பாட்டி கிளம்பினார். நாங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். பாட்டி பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும் என் விரல் மையைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

இந்த மண்ணில் பிறந்தவருக்கு எழுபது வயதிலும் குடியுரிமை இல்லை. அது அரசாங்கத்தின் கணக்கு. சேர்த்த ஆதாரம் கூழானது. அது எங்கள் கணக்கு. ஒரு கணக்கைக் காட்டி இன்னொன்றை மூடி மறைக்கக் கூடாது என்பதுதான் நான் கற்ற முதல் பாடம்.

கோவர்த்தன மலையடியில்

கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கிய கதை நமக்குத் தெரியும். பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தத்தில் வருகிறது. வெள்ளத்துக்குப் பிறகு அதைப் படித்தபோது மூன்று விஷயங்கள் புதிதாகக் கண்ணில் பட்டன.

ஒன்று: மழைக்கு முன்பே கண்ணன் ஆயர்களிடம் கேள்வி கேட்கிறான். நமக்குப் புல்லும் நீரும் தருவது பக்கத்தில் இருக்கும் இந்த மலை. அப்படியிருக்க எங்கோ இருக்கும் இந்திரனுக்கு ஏன் பயந்து பயந்து பூசை செய்கிறோம்? நம்மைத் தாங்குவது எது என்று முதலில் தெரிந்துகொள்ளச் சொல்கிறான்.

இரண்டு: மலைக்கு அடியில் யாரும் தனியாக ஓடி ஒளியவில்லை. பசு, கன்று, வண்டி, வீட்டுச் சாமான், பெரியவர், குழந்தை என்று ஆயர்பாடியே ஒன்றாக உள்ளே போகிறது. ஏழு நாள் ஒன்றாக இருக்கிறது. தற்சார்பு என்றால் 'என் வீடு, என் கதவு, என் பூட்டு' என்று சிலர் நினைக்கிறார்கள். எங்களைக் காப்பாற்றியது பின் லோரோங் படகு. திங்கட்கிழமை எங்களுக்குக் கிடைத்த சூடான சோறும் பருப்பும் குருத்துவாராவில் சமைத்தது. அதே 2021-இல், ஊரடங்கு நேரத்தில் வெள்ளைக் கொடி கட்டிய வீடுகளுக்கு அரிசி கொண்டுபோனதும் அக்கம்பக்கத்தார்தான்.

மூன்று: மழை நின்றதும் கதை முடியவில்லை. இந்திரன் இறங்கி வந்து தன் தவற்றை ஒப்புக்கொள்கிறான். நாமே சமாளித்துவிட்டோம் என்பதால் மேலே இருப்பவன் பொறுப்பு தள்ளுபடி ஆகிவிடாது. நாம் தயாராக இருப்பதும் அவர்களைக் கேள்வி கேட்பதும் இரண்டு கைகள். இரண்டும் வேண்டும்.

இனி செயலுக்கு வருவோம்

வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை.

*மூன்று நாள் கணக்கு.* வெளியிலிருந்து யாரும் வராவிட்டாலும் மூன்று நாள் தாங்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். இது வெள்ளத்துக்கு மட்டும் இல்லை. 2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றது ஞாபகம் இருக்கிறதா? அடுப்பு இல்லாமலே சாப்பிடக்கூடிய பிஸ்கட், அவல், டின் உணவு, ஒரு டார்ச், பவர் பேங்க், விசில், கொஞ்சம் சில்லறைப் பணம். எல்லாம் மாடியில் இருக்கட்டும். மாடி இல்லாத வீடென்றால் கையோடு தூக்கிப் போகிற மாதிரி ஒரு பையில் இருக்கட்டும்.

*மருந்து.* தினமும் மருந்து சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், அவருடைய மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிப் பையில் வையுங்கள். திறக்காத இன்சுலினை ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும். திறந்ததை, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் குறைவான வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் வெளியே வைத்துப் பயன்படுத்தலாம். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ்மேல் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்துவிட்டால் அந்த இன்சுலின் வீண்.

*காகிதங்கள்.* பிறப்புச் சான்றிதழ், ஐசி நகல், திருமணப் பதிவு, வீட்டுப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் தண்ணீர் புகாத பையில், உயரமான இடத்தில். ஒவ்வொரு பக்கத்தையும் இன்றே படம் எடுங்கள். உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி, வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான சொந்தக்காரருக்கு ஒரு பிரதி. கார் இன்சூரன்ஸையும் பாருங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். அப்பாவின் வேனுக்குச் சேர்க்கவில்லை. முழு நஷ்டம்.

*தண்ணீர் ஏறும்போது.* பிளக் பாயிண்டைத் தண்ணீர் தொடுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அடையுங்கள். ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். 15 சென்டிமீட்டர் ஆழமே ஆளைச் சாய்த்துவிடும். வடிந்த பிறகு பூட்ஸும் கையுறையும் இல்லாமல் சேற்றைக் கழுவாதீர்கள். எலிக் காய்ச்சல் அப்படித்தான் வரும். கழுவுவதற்கு முன் வீட்டைப் படம் எடுங்கள். போலிஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். தொலைந்த காகிதத்துக்கும் உதவித்தொகைக்கும் அது தேவைப்படலாம்.

*தெருப் பட்டியல்.* எங்கள் லோரோங்கில் 22 வீடு. எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாரிடம் படகு, யாரிடம் நான்கு சக்கர வண்டி, யார் தாதி என்று எழுதி வைத்திருக்கிறோம். இனம், மதம் பார்க்காமல் எல்லா வீட்டுக் கதவையும் தட்டினோம். படகுக்கார அண்ணன் பெயரும் இப்போது தெரியும்.

நம்பாதே, ஆனால் பார்

இன்னொரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தை நம்பாத நாங்கள், வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் நம்பினோம். அன்று ராத்திரி "அணையைத் திறந்துட்டாங்க, எல்லாரும் ஓடுங்க" என்று யாரோ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டு, அம்மா தண்ணீரில் இறங்கவே தயாராகிவிட்டார். யார் பேசியது, எந்த அணை, எதுவும் அதில் இல்லை.

வடிகால் நீர்ப்பாசனத் துறை நடத்தும் இன்ஃபோபஞ்சிர் பக்கத்தில் ஒவ்வோர் ஆற்றின் நீர்மட்டமும் வருகிறது. நோர்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று நான்கு நிலை. வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. இவை நம் வரிப்பணத்தில் நடப்பவை. திட்டுவதற்கு முன்னால் பயன்படுத்துவோம். உங்கள் வீட்டுக்கு அருகில் எந்த ஆற்று நிலையம் என்று கண்டுபிடித்து வையுங்கள்.

கேள்வி கேட்பதையும் முறையாகச் செய்வோம். எங்கள் தாமானில் சாக்கடை அடைத்தால் முன்பு ஒட்டுக்கடையில் திட்டுவோம். இப்போது படம் எடுத்து, தேதி போட்டு, புகார் எண் வாங்குகிறோம். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் சட்டமன்ற உறுப்பினருக்கு அந்த எண்ணோடு கடிதம் போகும். நான்கு புகாரில் மூன்றுக்கு ஆள் வந்தார்கள். நான்காவதுக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பகவத் கீதை ஆறாம் அத்தியாயத்தில், ஒருவன் தன்னைத் தானே உயர்த்திக்கொள்ள வேண்டும், தனக்கு நண்பனும் பகைவனும் தானே என்று கண்ணன் சொல்கிறான். எங்கள் பச்சை ஃபைலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

பாட்டியின் விண்ணப்பத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். புது ஃபைல் மாடியில், தண்ணீர் புகாத பையில் இருக்கிறது. மூன்று இடத்தில் பிரதி. அப்பா இன்னும் அரசாங்கத்தைத் திட்டுகிறார். ஆனால் மாதம் ஒருமுறை டார்ச் பேட்டரியைச் சோதித்துக்கொண்டே திட்டுகிறார். அது போதும் எனக்கு.

கலந்துரையாடலுக்கு

1. இன்று இரவு உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், முதலில் எதைத் தூக்குவீர்கள்? எதை மறந்துவிடுவீர்கள்?

2. உங்கள் வீட்டுக்கு இடப்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம் இருப்பவர்கள் பெயர் தெரியுமா? அவர்களுக்கு உங்கள் பெயர் தெரியுமா?

3. அரசாங்கத்தைப் பற்றி உங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் குறை எது? அதை எழுத்தில், தேதியோடு, யாருக்காவது அனுப்பியிருக்கிறீர்களா?

4. கோவர்த்தனக் கதையில் உங்கள் தாமானின் 'மலை' எது? கோயில், பள்ளி, பாலாய் ராயா, மாடி வீடு? நண்பர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது, வீட்டுக் காகிதங்களைப் படம் எடுத்து முடித்துவிட்டு வாருங்கள். பாட்டி தாத்தாவின் காகிதத்திலிருந்து ஆரம்பியுங்கள்.