சுகர் நோய் இல்லாதவருக்கும் சுகர் இறங்கும்

அந்தமானில் பாராடாங் தீவுக்குப் போகிறவர்கள் ஜிர்காடாங் செக்போஸ்டில் காலையின் முதல் கான்வாயை (போலீஸ் காவலோடு போகும் வண்டி வரிசையை) பிடிக்க, ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) இருட்டோடு வண்டி ஏறிவிடுகிறார்கள். வயிற்றில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட். வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதிக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, கடையும் கிடையாது. அங்கே கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, படபடப்பு வந்தால்?

முதலில் 15 கிராம் சர்க்கரை. மூன்று டீஸ்பூன் அளவைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். குளுக்கோஸ் பொடியும் சரி. அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள், டிக்கியில் இருந்து பயனில்லை. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைத்துவிடும். தீவில் திரும்பிய பக்கமெல்லாம் இளநீர்தான், ஆனால் அதில் 100 மில்லிக்குச் சர்க்கரை 5 கிராம்கூடத் தேறாது. தாகத்துக்கு நல்லது, இதற்குப் போதாது.

15 நிமிடம் பொறுங்கள். அடங்காவிட்டால் இன்னொரு தடவை. அடங்கியதும் அவித்த முட்டையோ வேர்க்கடலையோ சப்பாத்தியோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கலாம்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கான்வாயோடு வரும் போலீஸாரிடம் சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இதெல்லாம் லோ சுகர்தானா என்பது தனிக் கேள்வி. கப்பல் ஆட்டத்திலும் வியர்க்கும், தலை சுற்றும்; வெயிலில் நீர் வற்றினாலும் கண் இருட்டும். அதனால் படபடப்பு இருக்கும்போதே, சர்க்கரையைக் கரைக்கிற நேரத்தில் குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பாருங்கள். அளவு 55-க்குக் கீழே இருந்து, சர்க்கரை உள்ளே போனதும் தெளிந்தால் சந்தேகம் வலுக்கும். மீட்டர் இந்த அளவுகளில் கொஞ்சம் தப்பும். ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். 70-க்கு மேலே இருந்தால் காரணம் வேறெங்கோ.

சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று குறித்துவையுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் என்றால் பெரும்பாலும் இனிப்பு டீ, பன், மைதா என்று வெறும் மாவாகச் சாப்பிட்டதன் விளைவு: சர்க்கரை சட்டென்று ஏற, இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்துவிடுகிறது. முட்டை, சுண்டல், மீன் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டாலே பலருக்கு நின்றுவிடும்.

வெறும் வயிற்றில் வந்தால் அசட்டை கூடாது. முந்தைய இரவு குடித்தீர்களா? கல்லீரல் சர்க்கரை உண்டாக்குவதை மது தடுக்கும். மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைனும் சர்க்கரையை இறக்கும். வீட்டுப் பெரியவரின் சுகர் மாத்திரையை மாற்றி விழுங்குவதும் நடக்கிறது. எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தால், குறித்த நேரங்களோடும் மாத்திரைப் பட்டைகளோடும் ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் காட்டுங்கள். தேவைப்பட்டால் உள்நோயாளியாக வைத்து, 72 மணி நேரம் வரை பட்டினிப் பரிசோதனை செய்வார்கள். அதை வீட்டில் தானாகச் செய்துபார்க்க வேண்டாம்.