வாடகை வருகிறது, காசு நிற்கவில்லை!

கேள்வி: காய்கறி லோடுக்கு டீசல் பிக்கப் ஓட்டுகிறேன். வாடகை வந்தும் கையில் காசு நிற்பதில்லையே, ஏன்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: முதலில் உண்மையான மைலேஜைப் பாருங்கள். டேங்கை நிரப்பி ஓட்டுங்கள்; ஓடிய தூரத்தை, மறுபடி நிரப்பும்போது பிடித்த லிட்டரால் வகுங்கள். டீசல் 93 ரூபாய், மைலேஜ் 13 என்றால் கிலோமீட்டருக்கு டீசலே 7 ரூபாயைத் தாண்டும். காலியாகத் திரும்பும் செலவும் போன லோடின் தலையில்தான். டயர், ஆயில், இன்சூரன்ஸ், எஃப்.சி., தவணை ஆகியவற்றின் ஆண்டுச் செலவை ஆண்டில் ஓடும் கிலோமீட்டரால் வகுத்து, டீசல் செலவோடு கூட்டுங்கள். ஓவர்லோடும் காற்றிறங்கிய டயரும் டீசலைக் குடிக்கும். பி.எஸ்.6 வண்டியை ஊருக்குள்ளேயே உருட்டினால் புகை வடிகட்டியில் கரி அடைக்கும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். கிலோமீட்டர் அடக்கம் தெரியாமல் வாடகை பேசாதீர்கள்.